தூக்கினால் மணி காட்டும் பெட்டி



எங்கள் தாத்தாவுக்கு ராத்திரி எட்டு மணிக்குச் சர்க்கரை மாத்திரை. அவருக்காக மைக்ரோபிட் என்ற சின்ன கணினி அட்டையில் நான் ஒரு கடிகாரம் செய்தேன். 2016-ல் இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்களே, அந்த வகை அட்டைதான். அதில் 25 குட்டி சிவப்பு விளக்குகளும், அசைவை அறியும் உணரியும் சேர்ந்தே இருக்கின்றன.

ஆரம்பிக்கும்போது மணி ஆறு என்று புரோகிராமில் எழுதியிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய், ஏழரைக்குத்தான் வந்தது. பெட்டி மறுபடி ஆறிலிருந்து எண்ண ஆரம்பித்துவிட்டது! எட்டே முக்காலுக்கு அம்மா கேட்டபோது, "ஏழேகால்தானேம்மா ஆகுது" என்றார் தாத்தா. எனக்குப் பகீரென்றது.

ஏன் இப்படி? கரண்ட் இருக்கும்வரைதான் அட்டை எண்ணும். நின்றால் மறந்துவிடும். அதனால் டி.எஸ்.3231 என்ற தனிக் கடிகாரச் சில்லை இணைத்தேன். அதற்குச் சொந்தமாக ஒரு காசு பேட்டரி உண்டு. கரண்ட் போனாலும் அது ஓடும்.

இப்படிப்பட்ட கடிகாரங்களுக்குள் ஒரு படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. ஏன் இந்த எண்? இதைப் பாதி பாதியாக 15 முறை வகுத்துப் பாருங்கள், சரியாக 1 வரும். அதுதான் ஒரு விநாடி!

சாதாரணப் படிகம் 25 டிகிரி வெப்பத்துக்கு ஏற்றது. நம்ம ஊர் மே மாத 40 டிகிரியில் மாதத்துக்குச் சுமார் 20 விநாடி பின்தங்கும். இந்தச் சில்லு வெப்பத்தைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும்.

ராத்திரி வெளிச்சம் இருந்தால் தாத்தாவுக்குத் தூக்கம் வராது. எனவே பெட்டியைத் தூக்கினால் மட்டும் விளக்கு எரியும்படி செய்தேன். உணரிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு எடை நுண்ணிய சுருள்களில் தொங்குகிறது. சாய்த்தால், புவியீர்ப்பு அதை வேறு பக்கம் இழுக்கும். படுக்கையாக இருக்கும்போது சுமார் 1000 காட்டும் அளவு, 45 டிகிரி சாய்த்தால் 700 ஆகிவிடும்.

முதலில் டம்ளரை டொக்கென்று வைத்தாலே விளக்கு எரிந்தது! இப்போது அரை விநாடி சாய்ந்தே இருந்தால்தான் எரியும்.

தாத்தா தினமும் தூக்கிப் பார்த்துவிட்டு மாத்திரை போடுகிறார். ஆனாலும் எட்டு மணிக்கு நானும் ஒரு குரல் கொடுத்துவிடுவேன்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவன், பெசன்ட் நகர்