எர்த் மேல் விழும் பழி

மாமல்லபுரம் கடற்கரை வீடுகளில் ஸ்பீக்கர் ‘ஊம்’ என்று இரைந்தால், மணல் பூமியில் எர்த் சரியாக நிற்காது என்று சொல்லிவிடுவது எளிது. காய்ந்த மணலில் மின்தடை கூடுவதும், எர்த் குழாய் உப்பில் அரிக்கப்படுவதும் உண்மைதான். ஆனால் இரண்டு பின் மட்டுமே உள்ள டிவியும் ரேடியோவும் எர்த்தே இல்லாமல் சுத்தமாகப் பாடுகின்றனவே! கல்பாக்கம் அணுமின் நிலையம் பக்கத்தில் இருப்பதும் காரணமில்லை; தென்மாநில மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்று மற்றத் தொகுப்புகளோடு இணைந்தபின், செங்கல்பட்டிலும் டில்லியிலும் மின்சாரம் ஒரே தாளத்தில் வினாடிக்கு 50 முறை அலைகிறது.

பெரும்பாலும் எர்த் குறைவால் அல்ல, எர்த் இரண்டாக இருப்பதால்தான் இந்த இரைச்சல். ஆம்ப்ளிஃபயர் மூன்று பின் பிளக் வழியாக ஓர் எர்த்தைத் தொடுகிறது. கேபிள் டிவி வயரின் வெளிப்பின்னல் தெருவில் வேறோர் எர்த்தைத் தொடுகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள சிறு வோல்டேஜ் வித்தியாசம் ஆடியோ வயரின் ஷீல்டு வழியே ஒரு வளையமாக மின்னோட்டத்தை ஓட்ட, ஆம்ப்ளிஃபயர் அதையும் பாட்டோடு சேர்த்துப் பெருக்குகிறது. கேபிளைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் சந்தேகம் தீர்ந்தது. எல்லா வயரையும் கழற்றியும், வால்யூமைக் குறைத்தும் நிற்காவிட்டால் குறை பெட்டிக்குள்: ஏசியை டிசியாக்கும்போது 50 என்பது 100 ஆகிறது, உலர்ந்துபோன பழைய கண்டென்சரால் அதைச் சமன்படுத்த முடிவதில்லை. கடல்காற்றின் பங்கு வேறிடத்தில் இருக்கிறது. ஆடியோ பின்னில் பச்சைக் களிம்பேறி ஷீல்டின் தொடர்பு விட்டுப்போனால் இரைச்சல் உரக்கவே வரும். அதற்குப் பின்னைத் துடைத்தாலே போதும்.

‘எர்த் பின்னை உடைத்தேன், சத்தம் நின்றுவிட்டது’ என்பார்கள். நிற்கும்தான், வளையம் அறுந்துவிட்டதே. கூடவே பாதுகாப்பும் அறுந்தது. உள்ளே லைன் வயர் உலோகப் பெட்டியில் பட்டால், ஃபியூஸ் போகுமளவு மின்னோட்டத்துக்கு வழியில்லை. ஈரத்தரையில் வெறுங்காலோடு தொடுபவரே வழியாகிறார். மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்றால், அப்போது அது விழுவது உடலில் மின்சாரம் பாய்ந்த பிறகுதான். உடைக்காமலே வளையத்தை அறுக்கலாம். எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் பாதி வீடுகளில் தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு. தீராவிட்டால் கேபிள் டிவி வயரில் ஐசோலேட்டர் போடலாம். டிடிஎச் குடைக்கு மட்டும் இது சரிப்படாது. குடையின் தலைக்கு வேண்டிய 13 அல்லது 18 வோல்ட் அதே வயரில்தான் ஏறுகிறது, ஐசோலேட்டர் அதைத் தடுத்துவிடும். அங்கே ஆடியோ வயரில் சிறு டிரான்ஸ்ஃபார்மர் ஐசோலேட்டர் சேர்ப்பதே வழி.