எண் பலகையும் வீட்டு முகவரியும்

சாலையில் ஓடும் ஒவ்வொரு காரும் தன் எண்ணை எல்லோருக்கும் காட்டிக்கொண்டே போகிறது. அந்த எண்ணைக் கொண்டு உரிமையாளரின் வீட்டு முகவரியை யார் வேண்டுமானாலும் அறியலாமா? சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஒரு காலத்தில் இது எளிது. வாகனப் பதிவேடு பொது ஆவணம். சிறு கட்டணம் செலுத்தினால் விவரம் கிடைத்துவிடும். 1989-ல் கலிபோர்னியாவில் ரெபெக்கா ஷேஃபர் என்ற 21 வயது நடிகையைப் பின்தொடர்ந்த ஒருவன், துப்பறிவாளர் ஒருவர் மூலம் இந்தப் பதிவேட்டிலிருந்து அவரது முகவரியைப் பெற்றான். வீட்டு வாசலிலேயே அவரைச் சுட்டுக் கொன்றான்.

அப்படியானால் பதிவேட்டைப் பூட்டிவிடலாமே என்பீர்கள். ஆனால் பிரேக் பழுதுள்ள கார்களைத் திரும்ப அழைக்க, உற்பத்தியாளருக்கு உரிமையாளர்களின் முகவரி வேண்டும். மோதிவிட்டு ஓடியவரைப் பிடிக்கப் போலீசாருக்கும் அது வேண்டும்.

எனவே 1994-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், 'கேட்பவர் யார்? எதற்காக?' என்று பார்க்கச் சொன்னது. நீதிமன்றம், காவல், வாகனப் பாதுகாப்பு, இன்ஷூரன்ஸ் போன்ற தேவைகளுக்கு மட்டும் விவரம் தரலாம். இது மாநில உரிமையில் தலையிடுவதாகத் தென் கரோலினா வழக்குத் தொடுத்தது. 2000-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டத்தை ஏற்றது.

நீங்களும் இனி ஒரு படிவத்தில் முகவரி எழுதும்போது, அதை யார் யார் பார்ப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள்!