அண்டர்டேக்கர் சாய்ந்தார், கல்லாவும் ஆடியது!

அஞ்சுகிராமத்தில் முப்பத்தைந்தைத் தாண்டிய அண்ணன்மாரிடம் ‘டிரம்ப் கார்டு’ என்று சொல்லிப் பாருங்கள். உயரம், எடை, பைசெப்ஸ், ரேங்க் என்று கேட்காமலே ஒப்பிப்பார்கள். “மக்கா, அண்டர்டேக்கர் என் கையிலயாக்கும்!” கணக்குப் புத்தகத்துக்குள் ஒளிந்து கிடந்த அந்த மல்யுத்த ராட்சசர்களின் கம்பெனியான டபிள்யூடபிள்யூஇ, திரைக்குப் பின்னால் போட்ட ஒரு குஸ்தியை எட்டிப் பார்ப்போமா? ரிங்குக்குள் யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி வைத்தது. இந்தக் குஸ்திக்கு மட்டும் யாரும் கதை எழுதி வைக்கவில்லை!

2014 பிப்ரவரி 24. டபிள்யூடபிள்யூஇ சொந்தமாக ஓடிடி திறந்தது. மாதம் 9.99 டாலர். அதுவரை ரெசில்மேனியா என்ற ஒரே ஒரு ராத்திரியை டிவியில் பார்க்கவே அமெரிக்க ரசிகன் 60 டாலர் போல அழுதுகொண்டிருந்தான். இப்போது அதுவும் இந்தப் பத்து டாலருக்குள்ளேயே! கல்யாண விருந்தை மெஸ் டோக்கனுக்குப் பரிமாறிய கதைதான். ரசிகனுக்குக் கொண்டாட்டம், அதுவரை அந்த 60 டாலரில் பங்கு வாங்கிய கேபிள், டிஷ் கம்பெனிகளுக்கோ கடுப்பு.

வாருங்கள், கல்லாப் பக்கம். கையைக் கடிக்காமலிருக்கவே 10 லட்சம் சந்தாவாவது வேண்டும். ஏப்ரல் 6: ரெசில்மேனியாவில் 21 முறை தோற்காத அண்டர்டேக்கரை பிராக் லெஸ்னர் சாய்த்தார். உலகமே வாயைப் பிளந்தது! மறுநாள் கம்பெனி அறிவித்த சந்தா? 6,67,287. மே மாதம் போட்ட டிவி ஒப்பந்தமும் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. மே 16 அன்று ஒரே நாளில் பங்கு விலை 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. முதலாளி வின்ஸ் மக்மேனின் சொத்து மதிப்பில் சுமார் 35 கோடி டாலர் அவுட்!

2015 ஜனவரியில்தான் பத்து லட்சத்தைத் தொட்டார்கள். ஆனாலும் நிஜ வில்லன் வேறு: ரெசில்மேனியாவுக்கு மட்டும் சேர்ந்துவிட்டு அடுத்த மாதமே கழன்றுகொள்ளும் ஆசாமி. அவரைப் பிடித்து வைக்க மாதாமாதம் புதுசு புதுசாகப் படம் பிடிக்க வேண்டும். வரவு ஏறி இறங்கும். செலவு நிற்கவே நிற்காது.

அந்த நவம்பரில் கடை இந்தியாவுக்கும் வந்தது. அதே 9.99 டாலர்; சுமார் 650 ரூபாய். அரசு கேபிள் இணைப்பே மாதம் 70 ரூபாய்க்குக் கிடைத்த காலம்! “நீ பாத்துட்டு வந்து கதையச் சொல்லு மக்கா” என்று நம்மாள் நழுவியிருந்தால் தப்பா?

2021-ல் அமெரிக்கக் கடையைப் பீகாக் ஓடிடியிடம் ஒப்படைத்தார்கள். ஐந்து வருடத்துக்கு நூறு கோடி டாலருக்கு மேல் என்று செய்தி. இங்கே 2025 ஏப்ரல் முதல் நெட்ஃபிளிக்ஸ். ஒப்பந்தப் பணம் கம்பெனிக்கு. கழன்றுகொள்ளும் ஆசாமி நெட்ஃபிளிக்ஸுக்கு!

கிரிக்கெட்டும் தப்பவில்லை. ஐபிஎல் டிஜிட்டல் உரிமை ஹாட்ஸ்டாரிடமிருந்து கைமாறிய பின், 2023 ஏப்ரல்–ஜூனில் மட்டும் அது இழந்தது சுமார் 1.25 கோடி சந்தாதாரர்களை. இனி எந்த விளையாட்டுக் கம்பெனியாவது ஆப் திறந்து “இத்தனை லட்சம் பேர்!” என்று மேளம் கொட்டினால், ஃபைனல் முடிந்த அடுத்த மாதக் கணக்கைக் கேளுங்கள்.