சம்பளம் குறைஞ்சா இஎம்ஐ குறையுமா? கல்விக்கடன்ல யாரும் கேட்காத ஒரு தகவல்

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்ல ஒரே கேள்வி பல குரல்ல இருந்தது. “அமெரிக்காவுல ஸ்டூடன்ட் லோனுக்கு வருஷா வருஷம் வருமானத்தைச் சொன்னா, அதுக்கேத்த மாதிரி கட்டவேண்டிய தொகையை மாத்திக்கொடுக்கிறாங்களாமே, நம்ம எஜுகேஷன் லோன்ல அது உண்டா?” எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பக்கத்துல இருந்து கேட்டவங்கதான் அதிகம். அதுல ஆச்சரியமில்ல. டிப்ளமோவோ இன்ஜினியரிங்கோ முடிச்சிட்டு கன்டெய்னர் யார்டுலயோ, மணலியில கான்ட்ராக்டர் கிட்டயோ வேலை பார்க்கிறவங்களுக்கு மாசச் சம்பளம் ஒரே மாதிரி இருக்கிறதில்ல.

நேரான பதில்: அந்த முறை இங்க இல்ல. அமெரிக்காவுல வருமான அடிப்படைத் திட்டத்துல சேர்ந்தவங்க வருஷம் ஒருதரம் வருமானத்தையும் குடும்ப அளவையும் புதுப்பிக்கணும். நடுவுல சம்பளம் குறைஞ்சா, அதுவரைக்கும் காத்திருக்காம உடனே மறுகணக்கு கேட்கலாம். இங்கிலாந்துல இன்னும் சுலபம். டிகிரிக்கு வாங்கின கடன்னா, ஒரு வரம்புக்கு மேல சம்பாதிக்கிற தொகையில 9 சதவீதத்தை கம்பெனியே சம்பளத்துல பிடிச்சிடும். சம்பளம் வரம்புக்குக் கீழ போனா பிடித்தமும் நின்னுடும்.

நம்ம ஊர்ல இஎம்ஐக்கு உங்க சம்பளம் தெரியாது. அரசாங்கம் வருமானத்தைப் பார்க்கிறது வட்டி மானியத்துக்குத்தான். 2009-10 கல்வியாண்டிலிருந்து, குடும்ப வருமானம் வருஷம் 4.5 லட்சம் ரூபாய்க்குள்ள இருந்தா, தொழிற்படிப்புக்கான கடன்ல படிக்கிற காலம் பிளஸ் ஒரு வருஷத்துக்கான வட்டியை மத்திய அரசு ஏத்துக்குது. 2024 நவம்பர்ல அனுமதி கிடைச்ச பிரதம மந்திரி வித்யாலக்ஷ்மி திட்டத்துல, 8 லட்சம் வரைக்கும் வருமானம் உள்ள குடும்பங்களுக்கு, குறிப்பிட்ட கல்லூரிகள்ல படிச்சா, 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. இ-சேவை மையத்துல வருமானச் சான்றிதழ் வாங்கக் கியூவுல நின்னது இதுக்குத்தான். ஆனா அது அப்பா அம்மா வருமானம். நீங்க வேலைக்குப் போனதுக்கப்புறம் உங்க வருமானம் என்னன்னு யாரும் கேட்கிறதில்ல.

கேட்கலைங்கிறதால, சொல்ல வழியே இல்லைன்னு பலர் நினைச்சுக்கிறாங்க. இங்கதான் ஒரு விஷயம் ஒளிஞ்சிருக்கு.

2001-ல இந்திய வங்கிகள் சங்கம் ஒரு மாதிரிக் கல்விக்கடன் திட்டம் தயாரிச்சது. வங்கிகள் தங்களோட திட்டங்களைப் பெரும்பாலும் அதை வச்சுத்தான் அமைக்குது. பிற்பாடு அதைத் திருத்தினப்ப, படிப்பு முடிஞ்சு ஒரு வருஷ அவகாசம் போக, கடன் காலத்துல இரண்டு மூணு தடவை தவணையை நிறுத்திவைக்கலாம்னு சேர்த்தாங்க. எப்போ? வேலை இல்லாதப்போ, இல்லைன்னா ‘குறை வேலை’யில இருக்கிறப்போ. அதாவது படிப்புக்குப் பொருந்தாத, சம்பளம் போதாத வேலை. மெக்கானிக்கல் படிச்சிட்டு யார்டுல கேட் பாஸ் எழுதுறீங்களா? அது இந்தச் சொல்லுக்குள்ள வரும்னு வாதாடலாம். “எனக்கு வேலை இருக்கே, எப்படிக் கேட்கிறது”ன்னு தயங்குறவங்க இதைக் கவனிங்க. தவணையை முதல்ல சின்னதாவும் போகப்போகப் பெருசாவும் வைக்கிற ஏறுமுகத் தவணையும், 15 வருஷம் வரைக்கும் கட்டுற காலமும் அதே மாதிரித் திட்டத்துல உண்டு. ஆனா இது மாதிரித் திட்டம்தான், சட்டமில்ல. உங்க வங்கி இதுல எதையெல்லாம் எடுத்துக்கிச்சுன்னு சாங்ஷன் லெட்டர்லயும் அந்த வங்கி இணையதளத்துல இருக்கிற திட்ட விவரத்துலயும் பார்த்துடுங்க.

இப்போ கணக்கு. மானியம் இல்லாத கடன்னு வச்சுக்கலாம். வருஷம் 1 லட்சமா நாலு வருஷம், 10 சதவீத சாதாரண வட்டி. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழியறப்போ வட்டி மட்டும் 1,40,000 சேர்ந்து மொத்தம் 5,40,000 ஆயிடும். பத்து வருஷத்துல கட்டினா இஎம்ஐ சுமார் 7,140 ரூபாய். பதினஞ்சு வருஷம்னா சுமார் 5,800. கையில வர்ற சம்பளம் 15,000-ன்னா இந்த 1,340 ரூபாய் வித்தியாசம் பெரிசுதான், ஆனா அதுக்காக மொத்தத்துல ஏறக்குறைய 1.9 லட்சம் கூடுதலாக் கட்டுறீங்க. ஆறு மாசம் தவணையை நிறுத்தினா? வட்டி நிக்காது, 27,000 ரூபாய் கடன்ல ஏறும். 2020-ல கொரோனா சமயத்துல ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரைக்கும் அவகாசம் கொடுத்தப்போ, அதை வட்டித் தள்ளுபடின்னு நினைச்சு ஏமாந்தவங்க உண்டு.

என் கருத்து: மொத்தமா நிறுத்தச் சொல்லிக் கேட்கிறதுக்கு முன்னாடி, “ஆறு மாசத்துக்கு வட்டியை மட்டும் கட்டிக்கிறேன்”னு கேட்டுப் பாருங்க. மேலே சொன்ன கணக்குல அது மாசம் 4,500. கடன் வளராது, வங்கிக்கும் நம்பிக்கை வரும். அதுவும் முடியாதப்போ நிறுத்தம் கேளுங்க.

அடுத்தது ஆதாரம். நம்ம பக்கத்துல பெரிய சிக்கல் இதுதான். கான்ட்ராக்டர் சம்பள ஸ்லிப் தரமாட்டாரு, வேலையை விட்டு நிறுத்தினாலும் கடிதம் தரமாட்டாரு. பிஎஃப் பிடிச்சிருந்தா கவலை வேண்டாம். உங்க யுஏஎன் நம்பரை வச்சு பாஸ்புக்கை டவுன்லோடு பண்ணுங்க. எந்த மாசம் வரைக்கும் பணம் போட்டாங்க, எவ்வளவு ஊதியத்துக்குப் போட்டாங்கன்னு அதுல இருக்கும். பிஎஃப் இல்லைன்னா ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட். சம்பளம் கையில ரொக்கமா வந்தா, இனிமேலாவது வாங்கின அன்னைக்கே அக்கவுன்ட்ல போட்டுடுங்க, அதுதான் உங்க சாட்சி.

பிராஞ்சுல நீங்க நின்னா முதல்ல வர்ற கேள்வி, “அப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்காரே, அவர் கட்டலாமே?” அதுக்கும் தயாரா போங்க. அப்பா காசிமேட்டுல விசைப்படகுக்குப் போறவர்னா, ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு கடலுக்குப் போகாது. கழிமுகத்தை நம்பின எண்ணூர் குடும்பம்னா, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் பரவினப்போ தொழில் என்னாச்சுன்னு அதிகாரிக்கும் தெரியும். இதையெல்லாம் வாயால சொல்றதோட விடாம எழுதிக்கொடுங்க.

கடிதம் ஒரு பக்கம் போதும். கடன் கணக்கு எண், சம்பளம் எந்தத் தேதியிலிருந்து எவ்வளவுல இருந்து எவ்வளவா குறைஞ்சது, இப்போ மாசம் எவ்வளவு கட்ட முடியும், என்ன கேட்கிறீங்க, எத்தனை மாசத்துக்கு. “ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்”னு பொதுவா முடிச்சா பொதுவான பதில்தான் வரும். இரண்டு பிரதி எடுத்துட்டுப் போய், ஒண்ணுல சீலும் தேதியும் வாங்குங்க. சீல் வைக்க மாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிட்டு, பிராஞ்ச் மெயிலுக்கும் அனுப்புங்க.

இதை எப்போ செய்றீங்கங்கிறதுதான் முக்கியம். தவணை தவறி 90 நாளைத் தாண்டினா அது வாராக்கடன். அதுக்கப்புறம் மேனேஜர் நல்லவரா இருந்தாலும் அவர் கையில அதிகம் இருக்காது. அதுக்கு முன்னாடியே தாமதம் கிரெடிட் ரிப்போர்ட்ல ஏறிடும், உங்க பேர்ல மட்டுமில்ல, கூடக் கையெழுத்துப் போட்டவங்க பேர்லயும். அம்மா போட்டிருந்தா, அவங்க மைக்ரோ ஃபைனான்ஸ்ல லோன் கேட்கப் போற இடத்துலயும் அதே ரிப்போர்ட்டைத்தான் பார்ப்பாங்க. தேர்தல் வந்தா தள்ளுபடி ஆயிடும்னு கட்டாம இருக்கிற நண்பர்களுக்கும் இதைச் சொல்லுங்க.

எதிர்ப்பக்கமும் ஒண்ணு இருக்கு. சம்பளம் கூடினா? வங்கி இஎம்ஐயைத் தானா ஏத்தாது. நீங்களா கூடுதலாக் கட்டலாம்; மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைச்சா அபராதம் கிடையாது. வருமான வரி கட்டுறவங்க பழைய வரிமுறையில இருந்தா, கட்டின வட்டிக்கு எட்டு வருஷம் வரைக்கும் கழிவு உண்டு. புது முறையில அது இல்ல.

கடிதம் கொடுத்தும் பதில் இல்லையா? வங்கியோட குறைதீர்ப்புப் பிரிவுல புகார் பதிவு பண்ணுங்க. 30 நாள்ல பதில் வரலைன்னாலும், வந்த பதில் திருப்தியா இல்லைன்னாலும், ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேன் கிட்ட ஆன்லைன்ல புகார் பண்ணலாம், கட்டணம் இல்ல. அந்த சீல் வச்ச நகல் அங்க கேட்பாங்க. நடுவுல வசூல் ஏஜென்ட் போன் பண்ணா, காலையில 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7 மணிக்கு மேலயும் கூப்பிடக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி உத்தரவு இருக்கு. மீறினா தேதி, நேரம், நம்பர் மூணையும் குறிச்சு வச்சு அதே புகார்ல சேர்த்துடுங்க.