கும்மிடிப்பூண்டியும் இத்தாலிய வினைச்சொற்களும்

கும்மிடிப்பூண்டி என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள்: கும்-மி-டிப்-பூண்-டி. இரட்டித்த மகரத்தில் ஒரு பாதி முன் அசையை மூடுகிறது, மறுபாதி அடுத்ததைத் தொடங்குகிறது. திருவள்ளூரில் ‘வள்-ளூர்’ பிரிவதும் இப்படியே. இத்தாலிய மொழியும் இரட்டை மெய்யை இதே இடத்தில்தான் பிரிக்கிறது. அங்கே அது வினையின் பொருளையே மாற்றிவிடும். ‘அமெரேமொ’ என்றால் ‘நேசிப்போம்’. ‘அமெரெம்மொ’ என்றால், ஏதோ ஒன்று கூடிவந்தால் நேசிப்போம் என்ற நிபந்தனை. ‘கும்மி’யைச் சரியாகச் சொல்லும் வாய்க்கு இது சிரமமே இல்லை.

ரே, ரெ என்று இங்கே வேறுபடுத்தி எழுத முடிவதே ஓர் இத்தாலியரின் கொடை என்பது மரபுச் செய்தி. 1680இல் காஸ்திலியோனேயில் பிறந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர்தான் எகர ஏகாரங்களுக்குத் தனித்தனி வடிவம் தந்தவர் என்பார்கள். 1730இல் ‘தொன்னூல் விளக்கம்’ எழுதி, யாப்பையும் நமக்கே விளக்கியவர் அவர். அந்த யாப்பின்படி ‘திரு’ இரு குறில் இணைந்த ஒரே நிரையசை. இத்தாலியன் அப்படிச் சேர்க்காது. தி, ரு எனத் தனித்தனியாகவே எண்ணும். இன்னொரு வேறுபாடும் உண்டு. ‘காத்திருக்கிறேன்’ எனும் ‘அஸ்பெத்தொ’வை நாம் ‘அஸ்-பெத்-தொ’ என்போம். அவர்கள் எழுத்தில் ‘அ-ஸ்பெத்-தொ’ என்றே பிரிப்பார்கள்.

நமக்கு உண்மையில் புதியது அழுத்தம். தமிழில் அழுத்தம் மாறினால் சொல் மாறாது, இத்தாலியனில் மாறும். முதல் அசையை அழுத்தி ‘ஆமொ’ என்றால் ‘நேசிக்கிறேன்’. கடைசி அசையை அழுத்தி ‘அமொ’ என்றால் ‘நேசித்தான்’. அழுத்தம் பெறும் உயிர், சொல்லின் இறுதியில் இல்லாமல், அதன் அசையை மெய் மூடாமலும் இருந்தால் நீளும். நெடிலைப் பிடித்துப் பழகிய நம் காதுக்கு இது நல்ல துப்பு.

நிகழ்காலத்தில் ‘நாம்’, ‘நீங்கள்’ வடிவங்களில் அழுத்தம் விகுதிக்கு நகரும்: அமியாமொ, அமாதெ. ‘அவர்கள்’ வடிவத்தில் நகராது. ‘ஆமொ’வில் எங்கே இருந்ததோ அங்கேயே நிற்கும்: ஆமனொ. புதிதாகக் கற்பவர்கள் ‘அமானொ’ என்று இழுப்பது இங்கேதான். ‘வசிக்கிறேன்’ எனும் ‘ஆபிதொ’, ‘வசிக்கிறார்கள்’ என்றாகும்போது ‘ஆபிதனொ’; அழுத்தம் கடைசியிலிருந்து நான்காம் அசையில். எழுத்தில் இதற்கு அடையாளம் கிடையாது. கடைசி அசை அழுத்தம் பெறும் ‘அமொ’ போன்றவற்றுக்கே உயிரின் மேல் கோடு இடுவார்கள். ஆகவே புதிய வினையைப் படிக்கும்போது ‘நான்’ வடிவத்தை வாய்விட்டுச் சொல்லி மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்; ‘அவர்கள்’ வடிவம் அதிலிருந்தே கிடைத்துவிடும்.