பெட்டியில் ‘லிப்போசோமல்’ என்று இருக்கிறதா?

பூஞ்சைத் தொற்று உடம்புக்குள் ஆழமாகப் புகுந்துவிட்டால் டாக்டர்கள் நம்பும் பழைய மருந்து ஆம்போடெரிசின்-பி. இந்த ஒரே பெயரில் வெவ்வேறு ஊசிகள் விற்கின்றன. விலை வேறு, போடும் அளவு வேறு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஏறினால் உயிரே போகலாம். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையிருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

2021-ல் கொரோனா இரண்டாம் அலையோடு கரும்பூஞ்சை வந்தபோது இந்த ஊசிக்கு நாடெங்கும் தட்டுப்பாடு. மே மாதம் தமிழக அரசு கரும்பூஞ்சையை, கண்டறிந்தால் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. ஜூன் இறுதியில் ஒன்றிய அரசு சொன்ன கணக்குப்படி 40,845 பேருக்கு நோய், 3,129 பேர் இறப்பு. நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 64 பேர் சர்க்கரை நோயாளிகள். கொரோனா அடங்கிவிட்டது, சர்க்கரை அடங்கவில்லை. ஆகவே கரும்பூஞ்சையும் போய்விடவில்லை. மதுரை வண்டியூரில் சர்க்கரை உள்ளவர் இல்லாத தெரு ஏது? ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பு, கருத்த சளி, கன்னம் மரத்துப்போதல், திடீரென்று பல் ஆடுதல், கண் வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது என்று எது வந்தாலும் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று தள்ளிப்போட்டால் கண்ணை எடுக்கும் நிலை வரும்.

பூஞ்சையின் செல் உறையில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் இருக்கிறது. ஆம்போடெரிசின் அதைப் பற்றிக்கொண்டு உறையைச் சிதைக்கிறது. நம் செல்களில் அதற்கு இணையாக இருப்பது கொலஸ்ட்ரால். மருந்து அதையும் கொஞ்சம் பற்றுவதால்தான் சிறுநீரகம் அடிபடுகிறது. இதைக் குறைக்க வந்தவையே லிப்போசோம்கள். இவை 100 நானோமீட்டருக்கும் சிறிய கொழுப்பு உருண்டைகள். ஒரு மில்லிமீட்டருக்குள் பத்தாயிரத்தை வரிசையாக அடுக்கிவிடலாம். மருந்து அந்தக் கொழுப்புச் சுவரிலேயே பதிந்து இரத்தத்தில் பயணிக்கிறது, பூஞ்சையை அடைந்தபின் இறங்குகிறது. அமெரிக்காவில் 1997-ல் இந்த லிப்போசோமல் ஊசிக்கு அனுமதி கிடைத்தது. நம் நாட்டில் உயிர்வேதியியல் அறிஞர் பி.கே. பச்சாவத்தின் ஆய்விலிருந்து உள்நாட்டு ஊசியே பிறந்தது. பூஞ்சை மருந்துகளில் நானோ முறை மக்களுக்குக் கைகொடுத்த உண்மையான சாதனை இது.

இப்போது அளவைப் பாருங்கள். சாதாரண ஆம்போடெரிசினை ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிகிராம் போடுவார்கள், 1.5-ஐத் தாண்டவே கூடாது. கரும்பூஞ்சைக்கு லிப்போசோமல் வகையைக் கிலோவுக்கு 5 மில்லிகிராமோ அதற்கு மேலோ போடுவார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 300 மில்லிகிராம். 50 மில்லிகிராம் குப்பியாக இருந்தால் தினம் 6 குப்பி, அதுவும் வாரக்கணக்கில். அந்த 300-ஐத் தவறுதலாகச் சாதாரண ஊசியில் ஏற்றிவிட்டால் ஐந்து மடங்கு, இதயம் நின்றுவிடலாம்.

அதனால் மருந்து கையில் வந்ததும் பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். ‘லிப்போசோமல்’ என்ற சொல் இருக்கிறதா, சீட்டில் டாக்டர் எழுதியதும் அதுதானா, பேட்ச் எண், காலாவதித் தேதி, வைக்க வேண்டிய வெப்பநிலை என்ன என்று வரிசையாகப் பாருங்கள். லிப்பிட் எமல்ஷன் என்று இன்னொரு வகையும் உண்டு. அதன் அளவும் வேறு. சாதாரண ஆம்போடெரிசினைக் குளுக்கோஸ் பாட்டிலில் கலந்துதான் ஏற்ற வேண்டும், உப்புநீரில் கலந்தால் திரிந்துவிடும். நர்ஸம்மாவிடம் “இது எந்த வகைங்க?” என்று கேட்பது யாரையும் அவமதிப்பதாகாது. லிப்போசோமல் வகையிலும் சிறுநீரகப் பாதிப்பு முற்றிலும் இல்லாமல் போவதில்லை. கிரியேட்டினின், பொட்டாசியம் பரிசோதனை விடாமல் நடக்கிறதா என்று கேளுங்கள். ஊசி ஏறும்போது குளிர் நடுக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே சொல்லுங்கள். பக்கவிளைவை 1800 180 3024 என்ற இலவச எண்ணில் நோயாளியின் வீட்டாரே பதிவு செய்யலாம்.

பணம் கரைவதும் இங்கேதான். சாதாரணம், லிப்போசோமல் இரு வகையும் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. பெட்டியில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. கேட்டால் தேசிய மருந்து விலை ஆணையத்துக்கு 1800 111 255-ல் புகார் சொல்லலாம். பில்லில் பேட்ச் எண்ணோடு எத்தனை குப்பி என்று இருக்கட்டும். ஏற்றிய குப்பிகளோடு தினமும் ஒப்பிட்டுப் பாருங்கள். மருந்து போலியோ என்று சந்தேகம் வந்தால் 1940-ம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 26-வது பிரிவு உங்களுக்குத் துணை நிற்கும்: வாங்கியவரே கட்டணம் கட்டி, அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்துக் கையெழுத்திட்ட அறிக்கை பெறலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையிருப்பு கரையும் முன்பே 1800 425 3993-ல் விசாரியுங்கள்.

‘நானோ’ என்று எழுதிவிட்டால் எல்லாம் உயர்ந்ததாகிவிடாது. புதியது என்பதாலேயே மேலானதாகிவிடாது என்பதற்குச் சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறது. 1994-ல் மூன்றே மாதத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 434 பேர் கருவிழிப் புண்ணோடு வந்தார்கள். கிருமி வளர்ந்து தெரிந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பூஞ்சை. பலருக்கும் தொடக்கம், கண்ணில் மண்ணோ நெல்லோ பட்ட காயம். பின்னாளில் அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் பழைய நாட்டாமைசின் சொட்டு மருந்தையும் புதிய வோரிகோனசோலையும் சோதித்தார்கள். 2013-ல் வெளியான முடிவில் வென்றது பழையதுதான். நாட்டாமைசின் கருவிழியின் ஆழத்துக்கு எளிதில் இறங்காது என்பதால், அதை நானோ துகளில் ஏற்றி உள்ளே அனுப்பும் ஆராய்ச்சி நடக்கிறது. நல்லது, நடக்கட்டும். அதுவரை கண்ணில் சுணை பட்டால் தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடாதீர்கள். கடைக்காரர் தரும் ஸ்டீராய்டு சொட்டு பூஞ்சைக்கு வழிவிட்டுவிடும். படர்தாமரைக்கு நாமாகவே வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்பும் அப்படியே.

பழைய மருந்தானாலும் நானோ போன்ற புதிய கடத்தும் முறையில் வந்தால், 2019-ம் ஆண்டு விதிகளின்படி அது புதிய மருந்துதான். அனுமதி பெறாமல் விற்க முடியாது. ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட மருந்தின் ஆய்வுக்கு அழைத்தால் தமிழில் விளக்கம் கேளுங்கள், மருத்துவ ஆய்வுப் பதிவு எண்ணைக் கேளுங்கள். மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. ஆய்வால் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உங்கள் உரிமை.

தவறு நடந்ததாக உறுதியாகத் தோன்றினால் முதலில் கேஸ் ஷீட்டின் நகலை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பணம் வாங்கும் ஆஸ்பத்திரி என்றால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. எல்லாருக்கும் இலவசமாகவே பார்க்கும் அரசு ஆஸ்பத்திரிக்கு அந்த வழி பொருந்தாது. அங்கே டீனிடம் எழுத்தில் புகார், பிறகு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. சட்ட உதவிக்கு 15100.