பட்டியலில் முதலிடம், பத்திரத்தில் பெயர் உண்டா?

திருவனந்தபுரம்: கல்வி, ஆயுள், பாலின விகிதம் என எதை எடுத்தாலும் மகளிர் நிலையில் நாட்டின் முன்வரிசையில் நிற்பது கேரளம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 1,000 ஆண்களுக்கு 1,084 பெண்கள். பெண்களில் எழுத்தறிவு பெற்றோர் 92 சதவீதம்.

ஆயினும், மாநிலத் தலைநகர் அமைந்துள்ள இதே மாவட்டத்தில் மணமான சுமார் 500 பெண்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு வேறு கதையைச் சொன்னது. இங்குள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தைச் சேர்ந்த பிரதீப் பாண்டாவும், பொருளாதார அறிஞர் பீனா அகர்வாலும் அதன் முடிவுகளை 2005-ல் வெளியிட்டனர். கணவரால் நீண்டகாலம் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளானதாக மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான பெண்கள் கூறியிருந்தனர்.

அந்தப் பெண்களைச் சொத்துடைமையின்படி பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை துலங்கியது. வீடோ நிலமோ தம் பெயரில் இல்லாதவர்களில் 49 சதவீதத்தினர் அடிபட்டிருந்தனர். நிலம் மட்டும் உள்ளவர்களில் இது 18 சதவீதம். வீடு மட்டும் உள்ளவர்களில் 10. இரண்டும் உள்ளவர்களில் 7 மட்டுமே. நிலத்தைவிட வீடு கூடுதல் காப்பு அளிப்பதில் வியப்பில்லை. வெளியேற வேண்டிய இரவில் போய்ச் சேர ஓர் இடம் வேண்டுமல்லவா?

பன்னாட்டு அளவுகோல்கள் இதைக் காண்பதில்லை. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 1995-ல் அறிமுகப்படுத்திய பாலின வளர்ச்சிக் குறியீடு ஆயுள், கல்வி, வருமானம் ஆகியவற்றை அளந்தது. 2010-ல் வந்த பாலினச் சமமின்மைக் குறியீடு பேறுகால இறப்பு, நாடாளுமன்ற இடங்கள், வேலைப் பங்கேற்பு போன்றவற்றைச் சேர்த்தது. சொத்துக்கும் வன்முறைக்கும் இரண்டிலும் இடமில்லை. புதிய அளவுகோலின் சில கூறுகளிலேயே கேரளம் தடுமாறுகிறது என்பது வேறு விஷயம்: 2011-ல் வேலை செய்யும் பெண்கள் 18 சதவீதமே, நாட்டின் சராசரியோ 25-க்கும் மேல். 140 பேர் கொண்ட சட்டப்பேரவைக்கு 2021-ல் தேர்வான பெண்கள் 11 பேர்.

பெண்வழியில் சொத்து இறங்கிய மருமக்கத்தாய மரபு பல சமூகங்களில் நிலவிய மண் இது. (நிர்வாகம் மட்டும் தாய்மாமனான காரணவர் கையில்.) அந்தக் கூட்டுக் குடும்ப முறையை 1975-ஆம் ஆண்டின் சட்டம் ஒழித்தது. சிரியன் கிறிஸ்தவ மகளிர் நிலையோ நேர்மாறு. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் வாரிசுரிமைச் சட்டப்படி, மகளுக்குக் கிடைத்தது மகனின் பங்கில் கால்பகுதி அல்லது ரூ.5 ஆயிரம், இவற்றில் எது குறைவோ அது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் சமபங்கை உறுதி செய்தது.

தேசிய குடும்பநல ஆய்வு 2015-16 முதல், பெண்கள் பெயரில் உள்ள வீடு, நிலம் பற்றிய விவரத்தை மாநிலவாரியாகத் தருகிறது. எனினும் தனியாக உள்ளதையும் கணவர் உள்ளிட்ட பிறருடன் கூட்டாக உள்ளதையும் அதன் சுருக்க அறிக்கை ஒரே எண்ணில் அடக்கிவிடுகிறது.